அழித்த விர்ச்சுவல் மெஷின் மறுநாளே பட்டியலுக்குத் திரும்புவது ஏன்?

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் கண்காணிப்பு மென்பொருள், விஎம்வேர் விசென்டரில் (விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினிகளை, நிர்வகிக்கும் மென்பொருள்) உள்ள எல்லா மெஷின்களையும் தானாகவே கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. சோதனைக்காக வைத்திருப்பவை அதில் வேண்டாம். அழித்தால் மறுநாள் திரும்பி வந்துவிடுகின்றன. லைசென்ஸ் வரம்பும் தாண்டிவிட்டது. கூடுதல் லைசென்ஸ் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்கிறார், மென்பொருளை நிறுவித் தந்த முகவர். உண்மையா?

பதில்: உண்மையில்லை. இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள்.

நீங்கள் அழிப்பது கண்காணிப்புப் பட்டியலில் உள்ள பதிவை மட்டும்தான். மெஷின் விசென்டரில் அப்படியே இருக்கிறது. அடுத்த சுற்றில் மென்பொருள் போய்க் கேட்கிறது, விசென்டர் சொல்கிறது, அது மறுபடியும் சேர்ந்துவிடுகிறது. எனவே, எதைச் சேர்க்க வேண்டாம் என்ற விலக்கை, மெஷின்களைத் தேடிச் சேர்க்கும் கண்டுபிடிப்பு விதியிலேயே எழுத வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் கண்காணிப்பு மென்பொருளான சாபிக்ஸிலேயே இதற்கு ஃபில்டர் (வடிகட்டும் வசதி) இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய மென்பொருளிலும் அது இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். "விலக்கு வசதிக்குத் தனி மாட்யூல் வேண்டும்" என்று யாராவது சொன்னால், தயாரிப்பாளரின் கையேட்டில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

பெயரை வைத்து விலக்குவது எளிது. ஆனால் "டெஸ்ட்" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் "லேட்டஸ்ட்" என்று எழுதிப் பாருங்கள், கடைசி நான்கு எழுத்துகள் "டெஸ்ட்"தான். அந்தப் பெயரில் முக்கியமான சர்வர் ஒன்று இருந்தால் அதுவும் சத்தமில்லாமல் கண்காணிப்பிலிருந்து விழுந்துவிடும். அது நின்றுபோகும் நாளில்தான் உங்களுக்குத் தெரியும். பெயரின் தொடக்கத்தைக் குறிக்கும் ^ அடையாளத்தை முன்னால் சேர்த்து எழுதுங்கள். ஐபி முகவரியை வைத்து விலக்குவதை மறந்துவிடுங்கள், அது மாறக்கூடியது.

இதைவிட உறுதியான வழி, அந்த மெஷின்களை மென்பொருளின் கண்ணிலேயே படாமல் செய்வது. கண்காணிப்புக்கென்று விசென்டரில் தனிக் கணக்கு தொடங்கி, படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். வேண்டாத மெஷின்களை ஒரே ஃபோல்டரில் போட்டு, அந்தக் கணக்குக்கு அங்கே "நோ ஆக்செஸ்" (அனுமதியில்லை) கொடுங்கள். இதற்கு முன்னால் மென்பொருள் இப்போது எந்தக் கணக்கில் இயங்குகிறது என்று பாருங்கள். அவசரத்தில் நிறுவிவிட்டுப் போகிறவர்கள் நிர்வாகிக் கணக்கையே கொடுத்துவிடுவதுண்டு. அந்தக் கணக்கில் கைவைத்தால் நீங்களே உள்ளே நுழைய முடியாமல் போகலாம். உங்கள் விசென்டரின் நிர்வாகிப் பாஸ்வேர்டு அந்த முகவரிடம் இருந்தால் இன்றே மாற்றுங்கள். பார்ப்பதற்கு மட்டுமே வேலையுள்ள மென்பொருளுக்கு அழிக்கும் அதிகாரம் எதற்கு?

இங்கேதான் பலரும் இடறுகிறார்கள் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். ஃபோல்டரில் தடை போட்டும் மெஷின் தெரிகிறதே என்று திகைப்பீர்கள். விசென்டரில் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு அனுமதி இரண்டு பக்கத்திலிருந்தும் இறங்குகிறது. ஒன்று, அது இருக்கும் ஃபோல்டர். மற்றொன்று, அது ஓடும் ஹோஸ்ட் (சர்வர்), கிளஸ்டர் (சர்வர்களின் தொகுப்பு) அல்லது ரிசோர்ஸ் பூல் (சர்வரின் திறனில் பிரித்து ஒதுக்கிய பங்கு). ஃபோல்டரை மட்டும் அடைப்பது, முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த கதைதான். கிளஸ்டர் வழியாக வரும் படிக்கும் அனுமதி அப்படியே இருக்கும். கிளஸ்டர் முழுவதற்கும் தடை போட்டாலோ வேண்டிய மெஷின்களும் மறைந்துவிடும். ஆகவே சோதனை மெஷின்களைத் தனி ரிசோர்ஸ் பூலிலும் வைத்து, ஃபோல்டர், பூல் இரண்டிலும் தடை போடுங்கள். நாலைந்து மெஷின்தான் என்றால் ஒவ்வொன்றின் மேலும் நேரடியாகவே போடலாம். நேரடி அனுமதி, மேலிருந்து இறங்கும் அனுமதியை மீறிவிடும். ஆனால் நாளை புதிதாக ஒன்று உருவாக்கினால் அதற்கும் மறக்காமல் போட வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்த பிறகும் மெஷின் வந்தால், நெட்வொர்க்கை ஐபி வாரியாகத் துழாவும் இன்னொரு விதி ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு விசென்டரின் அனுமதி ஒரு பொருட்டே இல்லை. விலக்கை அங்கேயும் எழுத வேண்டும்.

லைசென்ஸ் கணக்கைப் பார்க்கும்போது வி.சி.எல்.எஸ். (vCLS) என்று தொடங்கும் மெஷின்களையும் தேடுங்கள். விசென்டர் அடங்கிய விஎம்வேர் தொகுப்பான விஸ்பியரின் 7.0 அப்டேட் 1 பதிப்பில் அறிமுகமான இவற்றை, கிளஸ்டர் சேவைக்காக அந்த மென்பொருளே உருவாக்கி வைக்கிறது, அந்தப் பதிப்பில் ஒரு கிளஸ்டருக்கு 3 வரை. இவற்றை அழிக்க வேண்டாம், பட்டியலிலிருந்து விலக்கினால் போதும். நீங்கள் உருவாக்காத மெஷினுக்கும் கட்டணம் கேட்கும் முறையை ஏற்க முடியவில்லை. கண்டுபிடித்ததையெல்லாம் எண்ணி ரசீது போடும் மென்பொருள், எதை எண்ண வேண்டாம் என்று நிறுவும்போதே கேட்டிருக்க வேண்டாமா?

ஃபில்டர் எழுதிய உடனே பட்டியல் சுருங்காது. கண்ணில் படாமல் போனவற்றைச் சில காலம் வைத்திருப்பது இந்த மென்பொருள்களின் வழக்கம். சாபிக்ஸ் 6.0 பதிப்பில் இயல்பான அளவு 30 நாள். அந்த அமைப்பைத் தேடிக் குறைத்துவிட்டு, எண்ணிக்கை இறங்கியதைப் பார்த்த பிறகே முகவரிடம் பேசுங்கள். வைரஸ் தடுப்பு, பாதுகாப்புத் திருத்தங்கள் ஆகியவற்றின் பட்டியலில் மட்டும் இந்தச் சோதனை மெஷின்கள் தொடர்ந்து இருக்கட்டும்.