இரவு வானம் வளையம் வளையமாகத் தெரிவது பற்றி

உங்கள் அனிமேஷனில், துப்பறிவாளர் திருடியைத் துரத்தும் காட்சியில் இரவு வானம் வளையம் வளையமாகத் தெரிவதாகக் கேட்டிருந்தீர்கள். வீடியோவை 10 பிட்டில் (ஒவ்வொரு வண்ணத்துக்கும் 8 பிட்டைவிடக் கூடுதல் படிகள் தரும் அமைப்பு) ஏற்றுமதி செய்யுங்கள்; வானத்தின்மேல் மட்டும் மெல்லிய துகள் (grain எனப்படும் பொடிப்புள்ளிகள்) தூவுங்கள். திருடியின் கருப்பு மேலங்கியைத் தொடாதீர்கள். அது தட்டையாக இருப்பதுதான் அழகு.

துப்பறிவாளர் அவளைக் கூரைமேல் துரத்தும் இடத்தில், தெருவிளக்கைச் சுற்றி வானம் வளையங்களாக உடைவதற்குப் பெரும்பாலும் 8 பிட்தான் காரணம். அதில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகளே உண்டு. கருநீலம் கருப்பாகும் அந்த இடத்துக்குக் கிடைப்பவை சொற்பம்.

வீடியோவாக்கும் முன்னுள்ள சட்டகம் (frame) ஒன்றை 100 சதவீத அளவில் திறந்து பாருங்கள். அங்கேயே வளையம் தெரிந்தால், கோப்பையே 16 பிட்டுக்கு மாற்றி வானத்தை மறுபடி தீட்ட வேண்டும். வேறு திரையிலும் பார்த்துவிடுங்கள். சில மானிட்டர்கள் தாமே வளையம் போடும்.

துகளால் கோப்பின் அளவு கூடும். இணையத்தில் ஏற்றும்போது, அங்கே நடக்கும் சுருக்கத்தில் நுண்துகள் அழிந்து வளையம் மீண்டும் எட்டிப் பார்க்கலாம்.