ஒற்றை எஞ்சின் சிறு விமானங்கள் ஏன் விழுகின்றன?

வவுனியாத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எஞ்சின் நின்றால் சிறு விமானம் கல்லுப் போல விழுந்துவிடுமா?"

விழாது. செஸ்னா 172 போன்ற விமானம் 3,000 அடி உயரத்தில் எஞ்சின் நின்றாலும், காற்று அமைதியாக இருந்தால் ஏறக்குறைய 8 கிலோமீற்றர் மிதந்து போகும். இரணைமடுக் குளத்துக்கு மேலே நின்றால் கிளிநொச்சிப் பக்க வயல்வெளியை எட்டிவிடலாம்.

பெரிய ஆபத்து, புறப்பட்ட கையோடு எஞ்சின் நிற்பதுதான். ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்று விமானி சட்டென்று வளைக்கிறார். இறக்கையை 60 பாகை சரித்து உயரம் குறையாமல் வளைத்தால், தூக்குவிசையை இழக்காமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் 41 சதவீதம் கூடிவிடும். அந்த வேகம் இல்லாவிட்டால் விமானம் சுழன்று விழும். மீட்க உயரம் இருக்காது. மூக்கைத் தாழ்த்தி, முன்னால் தெரியும் வெளியில் இறக்குவதே பெரும்பாலும் உயிரைக் காக்கும்.

சரி, எஞ்சின் ஏன் நிற்கிறது? பெற்றோல் தீர்ந்துபோவது இன்றும் நடக்கிறது. அப்புறம், தாங்கிக்குள் தண்ணீர். வன்னி வெயிலில் வளர்ந்தவர்கள் நம்பமாட்டார்கள், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேற்றருக்குள் பனிக்கட்டியும் பிடிக்கும்! பெற்றோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்கு மேலும் குறைந்துவிடக்கூடும். மாரிகால ஈரக்காற்றில், வெளியே 25 பாகை இருந்தாலும் கட்டி வளர்ந்து காற்றுவழியை அடைத்துவிடும். அதற்கென்றே சூடேற்றும் கைப்பிடி இருக்கிறது. இறங்குவதற்காக எஞ்சினைத் தணிக்கும் முன்பே அதை இழுத்துவிட வேண்டும்.