மதுரை டூ சென்னை ப்ளைட்: எந்தப் பக்க ஜன்னல் எடுக்குறது?

கேள்வி: டிசம்பர்ல அம்மாவ மொத தடவையா ப்ளைட்ல கூட்டிட்டுப் போறேன், மதுரையிலருந்து சென்னைக்கு, காலையில. ஜன்னல் சீட்டுக்குத் தனியா காசு கேக்குறாங்க, கட்டிரலாம், ஆனா எந்தப் பக்கம் எடுத்தா மீனாட்சி கோயில் தெரியும்? (திருமங்கலம் வாசகர்)

இடது பக்கம் எடுங்க, அதாவது A சீட்டு. ஆனா இதையே ஆடி மாசம் கேட்டிருந்தீங்கன்னா வலது பக்கம்னு சொல்லிருப்பேன்.

ஏன்னா ப்ளைட்டு பெரும்பாலும் காத்த எதுத்துத்தான் ஏறும். நம்ம ஏர்போர்ட்டு ஊருக்குத் தெக்க இருக்கு, ரன்வே கெழக்கு மேக்கா கெடக்கு. மார்கழி வாக்குல வாடைக்காத்து வடகெழக்கருந்து அடிக்கும், அதனால பெரும்பாலும் கெழக்கப் பாத்து ஏறி இடது பக்கமா திரும்பும், ஊரு, வைகை, யானைமலை, அழகர்மலை எல்லாம் இடது கை பக்கம் வரும், திரும்பும்போது றெக்கை அந்தப் பக்கம் சாயுறதால கீழ இன்னும் நல்லாத் தெரியும். ஆடிக்காத்து மேக்கருந்து அடிக்கிறப்ப அப்படியே மாறிரும், மேக்கப் பாத்து ஏறும், திருப்பரங்குன்றத்துல ஆரம்பிச்சு எல்லாம் வலது பக்கம். அன்னைக்குக் காத்து மாறுனா இதுவும் மாறும், பைலட்டும் டவரும் முடிவு பண்றது, நம்ம கையில இல்ல. கோபுரம் கொலு பொம்ம சைஸ்லதான் தெரியும், அதுவும் கொஞ்ச நேரந்தான், அம்மாட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

அடுத்து வெயிலு. ப்ளைட்டு வடகெழக்கப் பாத்துப் போகுது, காலையில சூரியன் வலது பக்கம் மூஞ்சிலயே அடிக்கும், பாதிப் பேரு ஷட்டர எறக்கிட்டுத் தூங்கிருவாங்க. இடது பக்கம் கண்ணு கூசாது, வெளிச்சம் நமக்குப் பின்னாலருந்து விழுகுறதால மலை மடிப்பெல்லாம் தெளிவா இருக்கும். வலது பக்கத்துக்கும் ஒரு அழகு உண்டு, மழை பேஞ்சு கண்மாயெல்லாம் நெறஞ்சிருந்தா சிவகங்கை, புதுக்கோட்டை பக்கம் ஒவ்வொண்ணா வெயில்ல மின்னும், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், ஆனா போன்ல எடுத்தா ஒண்ணும் வராது. நேர்கோடு போட்டா வழி கிட்டத்தட்ட திருச்சி மேலயே போகுது, காவேரியும் கொள்ளிடமும் பிரிஞ்சு நடுவுல ஸ்ரீரங்கம் தீவா நிக்கிறதப் பாக்கலாம், மேகம் இல்லாம இருக்கணும்.

சென்னையில எறங்குறதுலயும் ரெண்டு விதம் இருக்கு. மேக்கருந்து எறங்குனா இடது பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி, கடல் பக்கமா சுத்தி எறங்குனா மெரினா வலது பக்கம். இதுக்காக சீட்ட மாத்த வேணாம், கோயில்தான் முக்கியம்னீங்க.

எந்த வரிசைங்கிறது ப்ளைட்டப் பொறுத்தது, டிக்கெட்லயே போட்டிருப்பான் பாருங்க. ஏடிஆர்னா, அதாவது காத்தாடி வச்ச சின்ன ப்ளைட்டு, றெக்கை மேல இருக்கும், எங்க உக்காந்தாலும் கீழ தெரியும், முன் வரிசைகள்ல மட்டும் காத்தாடி கண்ணுக்கு நேரா சுத்தும், சத்தமும் ஜாஸ்தி. ஏறுற வாசலே பின்னாடிதான், படியும் கம்மி, அதனால அம்மாவுக்குப் பின் வரிசை போடுங்க, உள்ள ரொம்ப நடக்க வேணாம். ஏர்பஸ் 320ன்னா றெக்கை கீழ இருக்கும், நடு வரிசையில உக்காந்தா வெறும் தகரத்தத்தான் பாக்கணும். முன்னாடி எட்டு வரிசைக்குள்ள எடுங்க, கெடைக்கலன்னா நல்லா பின்னாடி, ஆனா பின்னாடி என்ஜின் சூட்டுல கீழ இருக்குறது கலங்குனாப்ல தெரியும்.

கால் நீட்டலாம்னு எமர்ஜென்சி எக்ஸிட் வரிசைக்குக் காசு கட்டிறாதீங்க. ஏர்பஸ்ல அது றெக்கை மேலதான் இருக்கும், ஒண்ணும் தெரியாது, வயசானவங்களுக்கு அங்க தரவும் மாட்டாங்க, கவுண்டர்ல மாத்தி எங்கயாச்சும் நடு சீட்டுல தூக்கிப் போட்டுருவாங்க.