புறவாசலில் கோய் குளம்: அண்ணாச்சியிடம் கேட்டவை

செங்கோட்டை: அண்ணாச்சி, புறவாசலில் பத்துக்கு எட்டடி இடம் இருக்கிறது. எவ்வளவு ஆழம் தோண்டலாம்? இருபது மீன் விடலாமா?

நாலடி தண்ணீர் நிற்கிற மாதிரி தோண்டுங்கள். 10×8×4 என்றால் 320 கன அடி. கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம், ஆக ஏறக்குறைய 9,000 லிட்டர். ஒரு கோய்க்கு, அதாவது இந்த நிறக் கெண்டை மீன் ஒன்றுக்கு, 1,000 லிட்டர் என்பது என் கணக்கு. இருபது வேண்டாம், ஐந்து குட்டிகளோடு தொடங்குங்கள். கடையில் விரல் நீளம் இருப்பது இரண்டடி வரை வளரும். ஆழம் குறைந்தால் சித்திரை வெயிலில் தண்ணீர் சுட்டுவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். சுவரைச் செங்குத்தாக எடுங்கள். சரிவாக விட்டால் கொக்கு இறங்கி நின்று மீனைப் பொறுக்கும்.

புளியரை: கொத்தனார் பூச்சு முடித்து நாலு நாள் ஆகிறது. நாளைக்கு மீன் விடலாமா?

வேண்டவே வேண்டாம் தம்பி. என் முதல் தொட்டியில் நான் செய்த தப்பு இதுதான். பூச்சு காய்ந்ததும் எட்டு மீன் விட்டேன். ஒரு வாரத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் மனசு கனக்கிறது.

புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீரின் புளிப்பு-கார அளவான பி.எச். 10-ஐத் தாண்டிப் போகும், மீனின் செவுள் வெந்துவிடும். தொட்டியை நிரப்பி, வாழைத்தண்டைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊறவிடுங்கள். அந்தத் தண்ணீரை இறைத்துவிட்டு, சுவரைத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்புங்கள். இப்படி மூன்று நான்கு தடவை. கடைசியில் நல்ல தண்ணீர் விட்டு மூன்று நாள் கழித்துச் சோதித்தால் பி.எச். 7-க்கும் 8.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

அப்புறமும் அவசரம் கூடாது. மீனின் கழிவில் அமோனியா வரும், அது விஷம். ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியாக்கள்தான் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்றும். அவை பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை இரண்டே மீன், தீனியும் கொஞ்சம்தான். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மற்றவற்றை விடுங்கள். ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். குளத்துத் தண்ணீரையே வாளியில் எடுத்து அலசினால் போதும்.

ஆரியங்காவு: எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் மழை விடாது. சிமெண்ட் இல்லாமல் ஷீட் விரித்தால் போதுமா?

தடித்த ஷீட் என்றால் போதும். ஆனால் மழையில் நிலத்தடி நீர் ஏறும் இடமானால் ஷீட் அடியிலிருந்து உப்பிக்கொண்டு மேலே வரும். குழியைத் தோண்டிப்போட்டு ஒரு மழைக்காலம் பாருங்கள். ஊற்றெடுத்தால் குளத்தில் பாதியைத் தரைக்கு மேலே கட்டிக்கொள்ளுங்கள். எப்படியானாலும் கரை ஓரடி உயரட்டும், தோட்டத்து உரமும் மருந்தும் மழையோடு உள்ளே வரக் கூடாது. மறுகால் குழாய்க்கு வலை கட்டாயம். கோய் கெண்டை இனம். வாய்க்கால் வழியே ஆற்றுக்குப் போனால் சேற்றைக் கிளறி, நம் ஊர் மீன்களின் இரையையும் இடத்தையும் பறிக்கும். இதில் மட்டும் நான் யாருக்கும் சலுகை தரமாட்டேன்.

தென்காசி: தாமரை வைக்க ஆசை, அண்ணாச்சி.

நிலைக்காது அக்கா. ஜப்பானில் நீகாட்டாப் பக்கத்து விவசாயிகள் உணவுக்கு வளர்த்த கெண்டையிலிருந்துதான் இந்த நிற மீன் வந்தது. மண்ணைத் தோண்டுவது அதன் பிறவிக்குணம், கிழங்கைக் கிளறிவிடும். தாமரைக்குத் தனித் தொட்டி வையுங்கள்.

பண்பொழி: ராத்திரி கரண்ட் போனால்?

பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். பாசியும் ராத்திரி முழுக்க ஆக்சிஜனை எடுப்பதால் விடியற்காலையில்தான் ஆபத்து அதிகம். அப்போது மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் தீனி கேட்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

கடையநல்லூர்: சென்னை கொளத்தூரில் வாங்கி வந்து அப்படியே விடலாமா?

பையைப் பிரிக்காமல் இருபது நிமிடம் தண்ணீரில் மிதக்கவிடுங்கள், சூடு சமமாகட்டும். அதையும் குளத்தில் அல்ல, தனி டப்பில். மூன்று வாரம் அங்கேயே வைத்து, புண், வெள்ளைப் புள்ளி ஏதும் வருகிறதா என்று பாருங்கள். டப்புக்கென்று ஒரு வலை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வலை குளத்துக்குப் போகக் கூடாது.