இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாணவர்களே முன்நின்று தொடங்கிய பல்கலைக்கழகம் உண்டா? நம்மூர் விடுதியில் மெஸ் நடத்துவதையும் மாணவர் தன்னாட்சி என்று சொல்லலாமா?

உண்டு. 1948-இல் தொடங்கிய பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகம். ஆனால் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், அது நான் பட்டு அறிந்தது.

சேலத்தில் ஒரு கல்லூரி விடுதியில் நான் மெஸ் செயலாளராக இருந்தேன். டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவை, எல்லோரும் சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்து ஒரு நாள் கட்டணத்தைப் பலகையில் எழுதுவோம். 60 ரூபாயைத் தாண்டினால் அன்று ராத்திரியே என் அறைக் கதவைத் தட்டுவார்கள். காய்கறிக்கு விடிகாலை ஆற்றோரம் மார்க்கெட், மளிகைக்குச் செவ்வாய்ப்பேட்டை லீ பஜார்.

ஒருமுறை 50 கிலோ என்று வந்த துவரம்பருப்பு மூட்டையை விடுதித் தராசில் ஏற்றினோம். சாக்கோடு சேர்த்தே 49 கிலோதான். சமையல் மாஸ்டர், "விடுங்க தம்பி, காஞ்சிருக்கும்" என்றார். பக்கத்தில் நின்ற முதலாண்டுப் பையன், "அப்ப காஞ்ச எடைக்குத்தானேண்ணா காசு கொடுக்கணும்?" என்று கேட்டான். அடுத்த மாதத்திலிருந்து கடையிலேயே எடை போட்டுப் பார்த்துத்தான் மூட்டையை வண்டியில் ஏற்றினோம். தன்னாட்சி என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்கு அந்தப் பையன் முகம்தான் ஞாபகம் வருகிறது.

அதே வருடம் விடுதிக் கட்டணத்தை ஏற்றினார்கள். என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டபோது தீர்மானம் ஏற்கெனவே டைப் ஆகியிருந்தது. 'மாணவர் பிரதிநிதி' என்ற இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

பெர்லின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது அதனால்தான். அங்கே பழைய பல்கலைக்கழகம் சோவியத் வசம் இருந்த பகுதியில் 1946 ஜனவரியில் மறுபடி திறந்தது. படிக்க வந்தவர்களில் பலர் போர்முனையிலிருந்து திரும்பியவர்கள். தேர்ந்தெடுத்த மாணவர் பேரவையும் இருந்தது. ஆனால் 1947-இல் எதிர்த்துப் பேசிய மாணவர்களைச் சோவியத் அதிகாரிகள் கைது செய்தார்கள். 25 ஆண்டுத் தண்டனைகூட விழுந்தது. 1948 ஏப்ரலில் மாணவர் பத்திரிகை நடத்திய மூன்று பேரின் படிப்பு அனுமதியைப் பறித்தார்கள். ஒரே வாரத்தில் சுமார் 2,000 பேர் எஸ்பிளனேட் ஹோட்டலில் திரண்டார்கள். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் வசம் இருந்த மேற்குப் பகுதியில் புதிதாக ஒரு பல்கலைக்கழகம் என்ற கோரிக்கை அங்கேதான் சூடுபிடித்தது.

ஜூனில் சோவியத் தரப்பு சாலையையும் ரயிலையும் அடைக்க, மேற்கு பெர்லின் முற்றுகைக்குள் போனது. சோறும் நிலக்கரியும் விமானத்தில் வந்தன, மின்சாரம் நாளுக்குச் சில மணி நேரம். அந்த இருட்டில்தான் நவம்பரில் டாலெம் பகுதியில் வகுப்புகள் தொடங்கின. டிசம்பர் 4-ஆம் தேதி தொடக்க விழா. 86 வயது வரலாற்றாசிரியர் ஃப்ரீட்ரிக் மைனெக்கே முதல் ரெக்டர், அதாவது பல்கலைக்கழகத் தலைவர். யாரைச் சேர்ப்பது என்று பார்த்த குழுவிலும் மாணவர்கள் இருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் முடிவுகளை எடுக்கும் செனட்டில் அவர்களுக்கு இடம் மட்டுமில்லை, ஓட்டும் இருந்தது. அந்த ஓட்டுதான் எனக்கு இல்லாமல் போனது.

பிறகு 1973-இல் மேற்கு ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம், கற்பித்தலிலும் ஆராய்ச்சியிலும் பேராசிரியர்களின் கைதான் ஓங்கியிருக்க வேண்டும் என்றது. அதில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். பாடத்திட்டத்தை முதலாண்டு மாணவன் எழுத முடியாது. ஆனால் தன் சோற்றுக்கும் தங்கும் அறைக்கும் என்ன விலை என்று பேசும் இடத்தில் அவனுக்கு ஓட்டு வேண்டும்.

இங்கே மாணவர் தேர்தலை எப்படி நடத்துவது என்று ஆராய்ந்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006-இல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்குள் என்பதுவரை அதில் இருக்கிறது. நான் படித்த காலத்தில் எங்கள் கல்லூரியில் தேர்தலே நடக்கவில்லை. என்னையும் வார்டன்தான் நியமித்தார்.

ஆகவே, மெஸ் நடத்துவது தன்னாட்சியில் பாதி. நீங்கள் இப்போது மெஸ் கமிட்டியில் இருந்தால், கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே வரவு செலவை எழுத்தில் கேட்டு வாங்கிப் பலகையில் ஒட்டுங்கள். டைப் அடித்த தாளை நீட்டினால், "பசங்ககிட்ட காட்டிட்டு வந்து போடறேன் சார்" என்று சொல்லுங்கள். அன்றைக்கு எனக்கு அது வாயில் வரவில்லை.