பே ஸ்டப்ல பிடிக்கிற காசு அம்மாவுக்கு ஏன் வரல?

அமெரிக்காவுல நியூஜெர்சி எடிசன்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "12 வருஷமா சம்பளத்துல சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர்னு பிடிக்கிறாங்க. அம்மாவுக்கு 67 வயசு, க்ரீன் கார்டுல வந்து ரெண்டு வருஷமாச்சு, கேட்டா ஒண்ணும் கிடையாதுங்கறாங்க. பக்கத்து வீட்டு பாட்டிக்கு எல்லாம் வருது. நான் இப்ப என்ன பண்ணணும்?"

தம்பி, பே ஸ்டப்பை, அதான் சம்பள ரசீதை, எடுத்துப் பாருங்க, 6.2 சதவீதம் ஒண்ணு இருக்கும், அது சோஷியல் செக்யூரிட்டிங்கற பென்ஷனுக்கு, 1.45 சதவீதம் ஒண்ணு இருக்கும், அது மெடிகேர்ங்கற வயசானவங்க மருத்துவ காப்பீட்டுக்கு. ரெண்டும் உங்க நம்பர்ல ஏறுற கணக்கு, குடும்பத்து பேர்ல இல்ல. சோஷியல் செக்யூரிட்டி 1935 ஆகஸ்ட் 14ல அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்து போட்ட சட்டத்துல ஆரம்பிச்சது. அதுலயே ரெண்டு தனி வழி போட்டாங்க, உழைச்சு வரி கட்டினவங்களுக்கு உரிமையா வர்ற பென்ஷன் ஒண்ணு, ஒண்ணுமில்லாத வயசானவங்களுக்கு நிலைமையை பார்த்து மாநிலங்க வழியா கொடுக்கற உதவி இன்னொண்ணு. தன் காசை போட்டவங்ககிட்ட இருந்து பின்னால வர்ற எந்த அரசியல்வாதியும் பிடுங்க முடியாதுனுதான் ரூஸ்வெல்ட் வரி கட்டித்தான் வாங்கணும்னு பிடிவாதமா நின்னார். அவர் நினைச்சது நடந்துச்சு, இன்னிக்கு வரைக்கும் அதுல கை வைக்க பயப்படறாங்க. ஆனா அதே விதி நிறைய பேரை வாசல்லயே நிறுத்திடுச்சு. முதல்ல நின்னது விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செஞ்சவங்களும், அதுல கறுப்பின மக்கள் ரொம்ப அதிகம், 1950லயும் 1954லயும் திருத்தம் வந்த பிறகுதான் அவங்கள்ல பெரும்பாலானவங்க உள்ள வந்தாங்க.

முதல் மாச செக் வாங்கினது வெர்மான்ட்ல ஐடா மே ஃபுல்லர்னு ஒரு அம்மா, 1940 ஜனவரி 31, 22.54 டாலர். மூணு வருஷத்துல அவங்க கட்டினது 24.75, 1975ல 100 வயசுல இறக்கற வரைக்கும் வாங்கினது 22,888.92. அந்த காசு அப்ப வேலையில இருந்தவங்க கட்டினது. அதே மாதிரி உங்க காசுதான் இன்னிக்கு அந்த பக்கத்து வீட்டு பாட்டிக்கு போகுது, அவங்களோ அவங்க வீட்டுக்காரரோ ஒரு காலத்துல கட்டின உரிமைல வாங்கறாங்க. 1939ல குடும்பத்தையும் சேர்த்தாங்கதான், ஆனா பெத்தவங்களுக்கு எப்பனா, பிள்ளையை நம்பி இருந்து அந்த பிள்ளை இறந்து போனா மட்டும்.

1965ல அதிபர் ஜான்சன் கொண்டு வந்த மெடிகேரும் இதே தடத்துலதான் போச்சு. 40 கிரெடிட், அதாவது குறைஞ்சது 10 வருஷ வேலை இருந்தாதான் ஆஸ்பத்திரி பகுதி, பார்ட் ஏ, இலவசம். சரி, ரெண்டாவது வழியான ஏழைக்கான உதவியாவது கிடைக்குமானா, அதை 1996ல அதிபர் கிளிண்டன் காலத்து சட்டம் அடைச்சிருச்சு. புதுசா க்ரீன் கார்டுல வர்றவங்களுக்கு மெடிகெய்ட், அதாவது ஏழைகளுக்கான மருத்துவ உதவி, பொதுவா அஞ்சு வருஷம் கிடையாது, எஸ்எஸ்ஐங்கற ஏழை முதியவங்க மாச உதவித்தொகைக்கு 40 கிரெடிட் வேணும், இல்லனா சிட்டிசன் ஆகணும். அம்மா செலவை நான் பார்த்துக்கறேன்னு நீங்க கையெழுத்து போட்ட ஐ-864 ஃபார்ம் ஞாபகம் இருக்கா? அதை கோர்ட்ல செல்லுபடியாகற கான்ட்ராக்ட்டா மாத்தினதும் அதே வருஷம்தான். இது நியாயமே இல்லங்கறது என் கருத்து, வரி கட்டற பிள்ளையோட அம்மா எந்த வழியிலயும் வர முடியாம நிக்கறாங்க.

இனி செய்ய வேண்டியது. விசிட்டர் இன்ஷூரன்ஸை நம்பி இருக்காதீங்க, ஏற்கனவே இருக்கற சுகர், பிபிக்கு பெரும்பாலும் அது உதவாது. எனக்கு தெரிஞ்ச ஒரு அம்மா நெஞ்சு வலியோட, பையனுக்கு பில் வந்துருமேனு ராத்திரி முழுக்க சொல்லாம சோபாலயே உட்கார்ந்திருந்தாங்க, அதை நினைச்சா இன்னும் மனசு பதறுது. 2010 சட்டத்துல (ஒபாமாகேர்) வந்த இன்ஷூரன்ஸ் மார்க்கெட்ல க்ரீன் கார்டு இருக்கறவங்க 65 தாண்டியிருந்தாலும், மெடிகேர் தகுதி வராத வரைக்கும், பாலிசி வாங்கலாம். உங்க மாநிலத்துல அந்த மார்க்கெட்டோட பேர் கெட் கவர்டு நியூஜெர்சி, நவம்பர் 1ல திறக்கும். அம்மாவை உங்க டாக்ஸ்ல டிபெண்டென்ட்டா காட்டினா உங்க வருமானத்தை வெச்சுத்தான் சலுகை கணக்கு போடுவாங்க, அதை முதல்ல பார்த்துக்கோங்க.

அஞ்சு வருஷம் தொடர்ச்சியா இங்க குடியிருந்துட்டா மெடிகேரை காசு கொடுத்து வாங்கலாம், 2025ல டாக்டர் செலவுக்கான பார்ட் பி மாசம் 185 டாலரா, பார்ட் ஏ 518ஆ இருந்துச்சு. பி மட்டும் தனியாவும் எடுக்கலாம். அதனால ஊருக்கு போனா மாசக்கணக்கா தங்க வேணாம். அஞ்சு வருஷம் முடியறதுக்கு மூணு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், அதுல இருந்து ஏழு மாசத்துக்குள்ள முடிச்சிருங்க, விட்டா பார்ட் பிக்கு ஒவ்வொரு 12 மாச தாமதத்துக்கும் 10 சதவீதம் அபராதம் கூடவே வந்துட்டிருக்கும். அப்பா இங்க 10 வருஷம் வேலை செஞ்சிருந்தா அவர் கணக்குல அம்மாவுக்கு பார்ட் ஏ இலவசமாவே கிடைக்கலாம், அதையும் கேளுங்க. ஒவ்வொரு மாநிலத்துலயும் ஷிப்னு இலவச மெடிகேர் ஆலோசனை இருக்கு, போகும்போது அம்மாவோட க்ரீன் கார்டையும் பாஸ்போர்ட்டையும் மறக்காம எடுத்துட்டு போங்க, நுழைஞ்ச தேதியை வெச்சுத்தான் எல்லாமே.