சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்கு வகுப்பில் தனி உதவியாளர் ஒருவர் இருந்தால் போதுமா?

போதாது. பல குழந்தைகளுக்கு அது முதல் தேவையே இல்லை.

குழந்தை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று முதலில் பாருங்கள். கணக்கில் மதிப்பெண் குறைகிறதா? கணக்கே புரியவில்லையா, வினாவை வாசிக்க முடியவில்லையா, பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் அழித்துவிடுகிறார்களா? மூன்றுக்கும் வெவ்வேறு ஏற்பாடு. வினாவை வாசித்துக் காட்டினால் சரியாகப் போடுகிற குழந்தைக்குப் பாடத்தைக் குறைப்பது அநியாயம். வாசித்துக் காட்ட ஆளோ செயலியோ போதும். எழுத்து மெதுவாக வரும் குழந்தைக்குப் பலகைக் குறிப்பை அச்சிட்டு, வகுப்பு தொடங்கும் முன்பே கொடுங்கள்.

காதுக்கருவி அணிந்த குழந்தையை முன்வரிசையில் உட்கார வைத்தாலே போதும் என்று நினைக்கிறார்கள். ஆசிரியர் நடந்துகொண்டே பேசுவார், பலகைப் பக்கம் திரும்புவார், உதட்டசைவு தெரியாது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். வகுப்பறையிலும் குரல் தேயும், ஆனால் மின்விசிறி இரைச்சல் அப்படியே இருக்கும், கருவி அதையும் சேர்த்தே பெருக்கும். ஆசிரியரின் வாயிலிருந்து ஒரு சாண் கீழே சட்டையில் குத்தும், குரலை நேராகக் காதுக்கருவிக்கே அனுப்பும் கம்பியில்லா மைக் இதைப் பெருமளவு தீர்க்கும். மற்ற மாணவர்கள் பேசும்போது மைக் கைமாற வேண்டும், அல்லது அவர்கள் சொன்னதை ஆசிரியர் திருப்பிச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

திடீர் மாற்றங்களில் பதறும் குழந்தைக்கு அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்தி மேசையில் ஒட்டுங்கள்.

இனி உதவியாளர். அவர் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்தால் குழந்தை ஆசிரியரை விட்டு அவர் முகத்தையே பார்க்கும். சக மாணவர்கள் பேச வருவதும் குறையும். இரண்டு மேசை தள்ளி நிற்கட்டும். ஆசிரியர் கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருக்கட்டும். பிறகு சைகை, அடுத்து ஒரு சொல், அதன்பின் செய்து காட்டுவது, கடைசியில்தான் கைபிடித்துச் செய்யவைப்பது. வாரங்கள் போகப் போக இந்த உதவி குறைய வேண்டும். குறையவில்லையென்றால் கொடுத்த வேலை இன்னும் பெரிதாக இருக்கிறது, துண்டாக்குங்கள்.

தேர்வில் சொல்வதை எழுதுபவர் வேண்டுமென்றால், ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே சிறு தேர்வுகளில் பழக்குங்கள். வாக்கியம் வாக்கியமாக நிறுத்திச் சொல்வது, எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்பது, திருத்தச் சொல்வது எல்லாம் தனித் திறமை. இறுதித் தேர்வில் முதன்முறையாகக் கொடுத்தால், பதில் தெரிந்த குழந்தையும் திணறும்.